ரிங்ல விழுந்தவரைக் கொன்றது யார்? - பாக்ஸிங் மர்டர் மிஸ்டரி முதல் டெல்டா மின்னொளி கபடி வரை

இந்த சீனை நீங்க எத்தனை தடவை பார்த்திருப்பீங்க?

கடைசி ரவுண்ட். கூட்டம் கத்துது. சாம்பியன் ஒரு குத்து வாங்குறார், தடுமாறுறார், விழுறார். ரெஃப்ரி பத்து வரை எண்ணியும் எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் ஓடிவந்து நாடி பிடிச்சுப் பார்த்துட்டுத் தலையை ஆட்டுறார். அடுத்த ஷாட்ல கோட் போட்ட டிடெக்டிவ். "இது குத்துனால வந்த சாவு இல்ல... இது கொலை!"

அப்புறம் நாற்பது நிமிஷத்துல எல்லாம் முடிஞ்சிடும். தண்ணி பாட்டில்ல விஷம், இல்லைன்னா கிளவுஸுக்குள்ள ஏதோ ஒண்ணு. சந்தேகப்பட்டியலில் பந்தயம் கட்டின புரொமோட்டர், பொறாமை பிடிச்ச எதிராளி, கடன்ல மூழ்கின கோச், பிரிஞ்சுபோன மனைவி. கடைசியில சிக்குறது, முதல் சீன்லயே துண்டு எடுத்துக் கொடுத்த அமைதியான ஆள்.

உலகத்துல எந்த டிவி துப்பறியும் தொடரை எடுத்தாலும், நாலஞ்சு சீசன் ஓடிட்டா ஒரு பாக்ஸிங் எபிசோட் வந்தே தீரும். பார்த்துட்டுத் தூங்கப் போயிடுறோம், தப்பில்லை. ஆனா நிஜத்துல மைதானத்தில் ஒரு பையன் சுருண்டு விழும்போதும் இதே எபிசோட் மூளையோடதான் அதைப் பார்க்கிறோம். "அடிச்சவன் யாரு?" என்று மட்டும் கேட்கிறோம். வீடியோவை ஃபார்வர்டு பண்ணுறோம். கேட்கவேண்டிய கேள்வி விட்டுப்போகுது. அந்தக் கேள்வியைத் தேடித்தான், லாஸ் வேகாஸில் ஆரம்பிச்சு நம்ம வடுவூர் வரைக்கும் ஒரு ரவுண்ட் போயிட்டு வரப்போறோம்.

ஏன் எல்லா டிடெக்டிவும் பாக்ஸிங் ரிங்குக்குப் போறாங்க?

காரணம் ரொம்ப சிம்பிள். கொலைக் கதைக்கு என்னெல்லாம் வேணுமோ அத்தனையும் ரிங்ல ரெடிமேடா இருக்கு. நாலு பக்கமும் கயிறு கட்டின சின்ன இடம். உள்ளே ரெண்டு பேர், சுத்தி ஆயிரம் சாட்சி. ஒருத்தரை ஒருத்தர் அடிக்கக் காரணம் தேடவே வேண்டாம், அடிக்கிறதுதான் வேலை. பின்னாடி பணம், பந்தயம், மானம். ஆயிரம் பேர் பார்க்க நடந்ததையே யாரும் பார்க்கலை என்பதுதான் அதில் இருக்கிற மர்மம்.

துப்பறியும் கதைகளின் தாத்தாவுக்கே இந்த ஆசை இருந்தது. ஆர்தர் கானன் டாயில் 1896-ல் 'ரோட்னி ஸ்டோன்' என்று ஒரு நாவல் வெளியிட்டார். வெறும் கையால் சண்டை போட்ட பழைய இங்கிலாந்து குத்துச்சண்டை உலகமும் ஒரு பழைய கொலை மர்மமும் அதில் ஒண்ணா வரும். அவரோட ஷெர்லாக் ஹோம்ஸே ஒரு பாக்ஸர்தான். 'தி சைன் ஆஃப் ஃபோர்' கதையில் வாசல்ல மறிக்கிற காவலாளி, தன்னோட மூணு ரவுண்ட் சண்டை போட்ட அமெச்சூர் ஆளுதான் இந்த ஹோம்ஸ்னு தெரிஞ்சதும் வழி விடுவார்.

ஆக, பாக்ஸிங்கும் மர்டர் மிஸ்டரியும் நூறு வருஷத்துக்கு மேல கூட்டாளிங்க. ஆனா நிஜ பாக்ஸிங் உலகத்தின் கேஸ்களைப் பார்த்தா, டிவி எழுத்தாளர்கள் ரொம்பவே அடக்கி வாசிச்சிருக்காங்கன்னு தோணும்.

டிவியை விஞ்சின மூணு நிஜக் கதைகள்

முதல் கதை, டிவியே வளர்த்துவிட்டது. 1950-களில் அமெரிக்க வீடுகளுக்கு டிவி வந்த புதுசுல வாராவாரம் பாக்ஸிங் ஒளிபரப்பினாங்க. குடும்பம் குடும்பமா உட்கார்ந்து பார்த்தாங்க. யார் யாரோட மோதணும், யார் தோற்கணும் என்பதையெல்லாம் திரைக்குப் பின்னால முடிவு பண்ணினவர்களில் முக்கியமானவர் ஃப்ராங்கி கார்போ என்ற மாஃபியா ஆள். 1960-ல் அமெரிக்க செனட் கமிட்டி விசாரணை நடத்தியபோது, முன்னாள் உலக சாம்பியன் ஜேக் லமோட்டா வந்து, 1947-ல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதை ஒப்புக்கொண்டார். அப்படித் தோற்றால்தான் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு கிடைக்கும் என்ற நிலைமை. அடுத்த வருஷம் கார்போவுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

ரெண்டாவது கதை, சன்னி லிஸ்டன். முகமது அலியிடம் பட்டத்தைப் பறிகொடுத்த அதே ஹெவிவெயிட் சாம்பியன். 1971 ஜனவரி 5 அன்று லாஸ் வேகாஸ் வீட்டில் மனைவி வந்து பார்த்தபோது பிணமாகக் கிடந்தார். அதிகாரபூர்வமாக இயற்கை மரணம். ஆனால் போதை ஊசியா, மாஃபியாவா என்ற வாதம் அரை நூற்றாண்டு தாண்டியும் ஓயவில்லை.

மூணாவது கதையில்தான் கொஞ்சம் நின்னு பார்க்கணும்.

1983 ஜூன் 16, நியூயார்க், மேடிசன் ஸ்கொயர் கார்டன். 21 வயது பில்லி காலின்ஸ் ஜூனியர், அதுவரை தோல்வியே காணாத வீரர். எதிரே லூயிஸ் ரெஸ்டோ. பெரிய அளவில் யாரும் மதிக்காத பாக்ஸர். பத்து ரவுண்ட் சண்டையில் காலின்ஸ் முகம் வீங்கி, கண் ரெண்டும் மூடிப்போச்சு. ரெஸ்டோ ஜெயிச்சார். சண்டை முடிஞ்சதும் வழக்கப்படி காலின்ஸோட அப்பா, ஜெயிச்சவருக்குக் கை கொடுக்கப் போனார். கிளவுஸைப் பிடிச்சவர் விடவே இல்லை. உள்ளே பஞ்சு இல்லை என்பது அவர் கைக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த இடத்திலேயே கத்திக் கூப்பாடு போட்டு கிளவுஸைப் பறிமுதல் பண்ணவெச்சார்.

சோதனையில் உறுதியானது. கிளவுஸுக்குள் இருந்த அடைப்பை ஓரளவு உருவி எடுத்திருந்தாங்க. 1986-ல் ரெஸ்டோவும் அவரோட டிரெய்னர் பனாமா லூயிஸும் தண்டிக்கப்பட்டாங்க. பல வருஷம் கழிச்சு, கையில் சுத்தியிருந்த துணியையும் பிளாஸ்டர் கலவையில் நனைச்சு இறுகவைத்திருந்ததாக ரெஸ்டோவே சொன்னார். காலின்ஸுக்குக் கண் பாதிப்பு சரியாகவில்லை, பாக்ஸிங் வாழ்க்கையே முடிஞ்சுபோச்சு. அடுத்த வருஷமே கார் விபத்தில் இறந்தார்.

டிவி எபிசோட்ல இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜீனியஸ் டிடெக்டிவ் வேணும். இங்கே கண்டுபிடிச்சது பெத்த அப்பாவோட கை. சண்டைக்கு முன்னாடி கிளவுஸைச் சோதிக்கவேண்டிய அதிகாரிகள் அதே மண்டபத்தில்தான் இருந்தாங்க. இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

நம்ம ஊர் கேமரா ஏன் வட சென்னையைத் தாண்டலை?

தமிழ்ல பாக்ஸிங் என்றாலே வட சென்னை. அதுக்கு நியாயமான காரணம் இருக்கு. துறைமுகத் தொழிலாளர்கள் வளர்த்த 'பரம்பரை' குத்துச்சண்டை அந்த மண்ணோட சொத்து. பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021-ல் ஓடிடி-யில் வந்தபோது, அந்த வரலாறு முதல்முறையாக இந்த அளவுக்கு எல்லார் ஃபோனுக்கும் வந்துசேர்ந்தது.

அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு கொலை ஒளிஞ்சிருக்கு, கவனிச்சீங்களா? கபிலனை அவங்க அம்மா துடைப்பத்தால் விரட்டி விரட்டி அடிப்பாங்களே, ஏன்? கபிலனோட அப்பாவும் பாக்ஸர். பிறகு அடியாள் வாழ்க்கைக்குப் போய் வெட்டுப்பட்டுச் செத்தவர். அம்மாவுக்கு ரிங் மேல் பயமில்லை. ரிங்கை விட்டு இறங்கின பிறகு, அந்தக் கைகளை யார் வாடகைக்கு எடுப்பாங்க என்பதுதான் பயம்.

2015-ல் வந்த 'பூலோகம்' நம்ம தலைப்புக்கு இன்னும் பக்கத்துல வரும். அதில் வில்லனே ஒரு டிவி சேனல் முதலாளி. ரெண்டு பரம்பரைப் பகையைக் காசாக்க மேட்ச் நடத்துறார். எதிராளி உயிருக்குப் போராடும் நிலைக்குப் போனதும் ஹீரோ கிளவுஸைக் கழட்டிடுறார். சேனலுக்கு ஆட்டம் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். பாக்ஸிங்கைக் காட்டி டிஆர்பி தேடுறதையே குற்றமா வெச்சுக் கதை பண்ணின படம் அது.

பெண்கள் பக்கம் வாங்க. 2016-ல் சுதா கொங்கரா இயக்கிய 'இறுதிச்சுற்று', வீராங்கனைகளிடம் சங்க நிர்வாகிகள் நடந்துகொள்ளும் விதத்தை நேராவே பேசியது. அதுக்கு மூணு வருஷம் முன்னாடியே, சென்னை பாக்ஸர் துளசியின் வாழ்க்கையை நார்வே இயக்குநர்கள் 'லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை' என்று ஆவணப்படமா எடுத்துட்டாங்க. வறுமை, சாதி, நிர்வாகி ஒருவர் மீது அவர் கொடுத்த பாலியல் தொல்லைப் புகார் எல்லாம் அதில் இருக்கு. அதில் பிணம் எதுவும் விழலை. ஆனா ஒரு விளையாட்டு வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமா எப்படி முடிக்கப்படுதுன்னு தெரியும். டிடெக்டிவ் தொடர்களில் வராத குற்றம் இது.

இந்த நாலு படமும் ஒரே விஷயத்தைச் சொல்லுது. பாக்ஸிங் உலகத்துல குற்றவாளி அநேகமா கிளவுஸ் போட்டிருக்கமாட்டார். ஆனா சாதாரண க்ரைம் எபிசோட்ல பாருங்க. உடம்பு ஏத்தின, மூக்கு உடைஞ்ச, சேரி பாஷை பேசுற பாக்ஸர்தான் முதல் சந்தேக நபர். ஹாஸ்டல்ல தங்கி, காலைல அஞ்சு மணிக்கு ஓடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை கிடைக்காதா என்று ஏங்குற பையனுக்கும் பொண்ணுக்கும் இந்த முத்திரை எவ்வளவு பாரம் என்பதை யோசிச்சுப்பாருங்க. "பாக்ஸிங்கா? ரவுடியாயிடுவ" என்று சொல்லும் சித்தப்பா எல்லார் வீட்டிலும் இருக்கார்.

கொலைக் கதைக்கு டெல்டாதான் தாய்வீடு!

இப்போ வண்டியைத் தஞ்சாவூர் பக்கம் திருப்புவோம். "டெல்டான்னா வயல், கோயில், டிகிரி காபி... அங்கே எங்கே க்ரைம்?" என்று கேட்கிறவங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ்.

தஞ்சாவூர்-மன்னார்குடி ரோட்டில் சுமார் 25 கிலோமீட்டர் போனா வடுவூர். ஏரியும் பறவைகள் சரணாலயமும் உள்ள ஊர். தமிழில் துப்பறியும் நாவலை வீட்டுக்கு வீடு கொண்டுபோன முன்னோடிகளில் ஒருவரான வடுவூர் துரைசாமி ஐயங்கார் இந்த ஊர்க்காரர். ஆங்கில நாவல்களைத் தழுவி, அதை அப்படியே தஞ்சாவூர், கும்பகோணம் வீதிகளுக்கு இழுத்து வந்தார். இவர் உருவாக்கிய துப்பறிவாளர் திகம்பர சாமியார், 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமா வந்தார். பல வேஷங்களில் கலக்கினவர் எம்.என்.நம்பியார். வில்லனாகவே நமக்குத் தெரிஞ்ச நம்பியார், டிடெக்டிவ் ஹீரோ!

கொஞ்சம் தெற்கே இறங்கினா பட்டுக்கோட்டை. 80-கள், 90-களில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கின பாக்கெட் நாவல்களின் சூப்பர் ஸ்டார்களில் ஒருவர் பட்டுக்கோட்டை பிரபாகர். அவரோட பரத்-சுசீலா ஜோடியை உங்க அம்மாகிட்ட கேட்டுப்பாருங்க, முகம் மலரும். திருவாரூர் பக்கம் நன்னிலம் வட்டாரத்தில் பிறந்த கே.பாலசந்தர் தொடங்கிய மின்பிம்பங்கள் நிறுவனம்தான், 90-களில் ஒரு தலைமுறையையே போர்வைக்குள்ள பயந்து நடுங்கவெச்ச 'மர்மதேசம்' தொடரைத் தயாரிச்சது.

நாவல், சினிமா, சீரியல் மூணுலயும் டெல்டாவோட கைவரிசை இருக்கு. இப்போ ஓடிடி காலத்தில் க்ரைம் தொடர்கள் சென்னையை விட்டு ஊர்ப்பக்கம் கிளம்பியாச்சு. 2022-ல் மட்டும் 'விலங்கு' திருச்சி வட்டாரத்துக்கும், 'சுழல்' மலையடிவார ஊருக்கும், 'வதந்தி' கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் போச்சு. மர்மக் கதைக்கு அடித்தளம் போட்ட காவிரிக்கரையில் ஒரு தொடர் வரணும் என்று நினைக்கிறது ஊர்ப்பாசம் மட்டும் இல்லை.

ஏன்னா, டெல்டா நமக்கு வேற மாதிரியான ஒரு மர்மத்தைக் கத்துக்கொடுக்குது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டாங்க. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை பண்ணியது. இவ்வளவு நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய் இப்படிச் செய்திருப்பார்களா என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு யோசித்தது, இன்றுவரை விமர்சிக்கப்படுகிறது. 'கொன்றது யார்' என்பதில் தொடங்கி முடியும் கதை இல்லை இது. 'ஏன் யாருமே பொறுப்பாகவில்லை' என்பதுதான் இதில் கேள்வி. அந்தக் கேள்வியை எடுத்துக்கிட்டு மறுபடியும் மைதானத்துக்கு வருவோம்.

டெல்டாவோட ரிங், கபடிக் களம்

சென்னை மாதிரி பரம்பரை பாக்ஸிங் இங்கே கிடையாது. இங்கே உடம்போட உடம்பு மோதுற ஆட்டம்னா கபடி. சம்பா அறுவடை முடிஞ்சு கையில் நாலு காசும் நேரமும் வந்ததும், ஊர் ஊருக்கு மின்னொளி கபடி களைகட்டும். ஃப்ளெக்ஸ் பேனர், ஸ்பீக்கர், விடிய விடிய மேட்ச், யூடியூப் லைவ் வேற.

அதே வடுவூர் இதிலும் பெரிய பெயர். இந்த ஊரில் கபடி பழகி, விளையாட்டு ஒதுக்கீட்டில் காக்கிச்சட்டை போட்டவங்க ஏராளம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய கபடி அணி தங்கம் வென்றதே, அந்த அணியில் இருந்த அபினேஷ் மோகன்தாஸ் வடுவூர்ப் பையன். கண்ணகி நகர் கார்த்திகாவோடு சேர்ந்து இவரையும் தமிழ்நாடே தூக்கிக் கொண்டாடியது. இப்போ பாக்ஸிங்குக்கும் நல்ல நேரம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இருக்குமா, இருக்காதா என்று இழுத்த குழப்பம் 2025 மார்ச்சில் தீர்ந்தது. 'இருக்கும்' என்று ஒலிம்பிக் கமிட்டி முடிவு பண்ணியாச்சு. மோதல் விளையாட்டுகள் பக்கம் பிள்ளைகள் இன்னும் அதிகமா வரப்போறாங்க. சந்தோஷம்தான். அதனாலேயே பாதுகாப்பு பற்றி இப்பவே பேசணும்.

2022 ஜூலை மாசத்தை எடுத்துக்கோங்க. பெங்களூரில் கே-1 கிக் பாக்ஸிங் போட்டியில் முகத்தில் குத்து வாங்கி விழுந்த இளம் வீரர் சில நாளில் இறந்தார். ஏற்பாட்டாளர்கள் மீது அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக வழக்கு பதிவானது. அதே மாசம் பண்ருட்டி பக்கம் மானடிக்குப்பத்தில் கபடி ஆடிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர் களத்திலேயே சரிந்து இறந்தார். அந்த வீடியோ எத்தனை வாட்ஸ்அப் குரூப்பில் சுத்தியது, ஞாபகம் இருக்கா? வீடியோவை ஸ்லோமோஷனில் போட்டு 'எந்த இடத்தில் பட்டது' என்று வட்டம் போட்டவங்க நிறையப் பேர். களத்தில் டாக்டர் இருந்தாரா என்று எத்தனை பேர் கேட்டாங்க?

சட்டமும் போஸ்ட்மார்ட்டமும் என்ன சொல்லுது?

டிவி டிடெக்டிவ் 'இது கொலை' என்று சொன்னதும் விலங்கு மாட்டிடுவாங்க. நிஜத்தில் அப்படி இல்லை.

விளையாட்டில் அடிபட்டா அடிச்சவர் குற்றவாளியா? 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-வது பிரிவு இதைப் பேசுது. சாவையோ கொடுங்காயத்தையோ ஏற்படுத்தும் எண்ணம் இல்லாமல், அது நேரக்கூடும் என்று தெரியாமல், 18 வயதுக்கு மேற்பட்டவரின் சம்மதத்தோடு செய்யும் செயலால் வரும் தீங்கு குற்றமாகாது. சட்டமே கொடுக்கும் உதாரணம், பொழுதுபோக்காக ரெண்டு பேர் வாள்வீச்சு ஆடுவது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 87-வது பிரிவாக இதே உதாரணம் இருந்தது.

ஆனா அந்த உதாரணத்தில் முக்கியமான ஒரு நிபந்தனை இருக்கு. ஆட்டம் நேர்மையா ஆடப்பட்டிருக்கணும். கிளவுஸில் பஞ்சை உருவினவர் இந்தக் குடைக்குள் வரமாட்டார். வயசும் கவனிங்க, 18. பதினாறு வயசுப் பையன், 'எனக்குச் சம்மதம்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இந்தப் பிரிவு உதவாது. சம்மதம் கொடுத்தது எதிராளியோட ஆட்டத்துக்கு. ஏற்பாட்டாளரின் அலட்சியத்துக்கு யாரும் சம்மதம் கொடுக்கிறதில்லை. அதுக்குத்தான் 106-வது பிரிவு இருக்கு. அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை.

போஸ்ட்மார்ட்டம் பக்கம் வாங்க. குத்தினால் வந்த காயமா, கீழே விழுந்ததால் வந்த காயமா என்பதைத் தலைக்குள் பார்த்து ஓரளவு சொல்லமுடியும். அசையாம இருக்கும் தலையில் அடி விழுந்தா, மூளைக் காயம் பெரும்பாலும் அடி விழுந்த பக்கமே இருக்கும். மல்லாக்க விழுந்து, வேகமா போற தலை தரையில் மோதினா, காயம் எதிர்ப்பக்கம் அதிகமா இருக்கும். அதாவது, பின்னந்தலை தரையில் பட்டிருக்கும், நசுங்கினது முன்பக்க மூளையா இருக்கும். அப்படிப்பட்ட ரிப்போர்ட் வந்தா அடுத்த கேள்வி எதிராளியைப் பார்த்து இல்லை. தரையில் என்ன விரிச்சிருந்தாங்க? மேட்டா, மண்ணா, சிமென்ட்டா? இப்போ 'சந்தேக நபர்' யாருன்னு புரியுதா?

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். மோதல் விளையாட்டு மரணங்களில் அதிகம் பார்க்கப்படுவது மண்டையோட்டுக்குள் ஏற்படும் ரத்தக்கசிவு. சில வகைக் கசிவுகளில் அடிபட்டவர் முதல்ல நல்லாவே இருப்பார். எழுந்து நிப்பார், தண்ணி குடிப்பார், சிரிப்பார், பைக் ஓட்டிட்டு வீட்டுக்கும் போவார். உள்ளே ரத்தம் சேர்ந்து மூளையை அழுத்த ஆரம்பிக்கும்போது நிலைமை கைமீறிப்போயிடும். "நல்லாத்தான்யா பேசிட்டிருந்தான்" என்று சாவு வீட்டில் சொல்லும் அந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற மருத்துவம் இதுதான். அந்த இடைவெளி நேரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து, ஆபரேஷன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போயிருந்தா பலரைக் காப்பாத்தியிருக்கலாம். டெல்டாவில் நிறையப் பேருக்கு அந்த மருத்துவமனை தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிதான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கடைக்கோடி கிராமத்திலிருந்து அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரமாகும்? போட்டி ஏற்பாடு பண்றவங்க போட்டுப்பார்க்கவேண்டிய முதல் கணக்கு இது.

அமெச்சூர் பாக்ஸிங்கில் இதுக்கெல்லாம் விதி இருக்கு. தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ரிங் பக்கமே வரக்கூடாது. ரிங் பக்கத்தில் டாக்டர் இருக்கணும், ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கு. 1982-ல் தென்கொரியாவின் கிம் டுக்-கூ உலகப் பட்டத்துக்கான சண்டையில் விழுந்து இறந்தபிறகு, 15 ரவுண்டு சண்டைகள் 12 ஆகக் குறைந்தன. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரோட பிள்ளை இருக்கு. நம்ம மின்னொளி மைதானத்தில் என்ன நடக்குது? சோடா பாட்டிலை உடைச்சு மூஞ்சில தெளிச்சு, "ஒண்ணுமில்ல மாப்ள, எழுந்திரு" என்று அடுத்த ரெய்டுக்கு இறக்கிவிடுறோம். அன்புலதான் செய்யறோம். அந்த அன்புதான் ஆபத்து.

அடுத்த மேட்ச்சுக்குப் போறப்போ நீங்கதான் டிடெக்டிவ்

உங்க தம்பியோ, ஃப்ரெண்டோ ஆடப்போறாங்களா? இல்லை, நீங்களே கமிட்டியில இருக்கீங்களா? மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாடி இதையெல்லாம் நோட்டம் விடுங்க.

* ஆம்புலன்ஸ் நிக்குதா? '108-க்கு போன் பண்ணிக்கலாம்' என்பது ஏற்பாடு இல்லை. வண்டி மைதானத்து ஓரத்தில் நிக்கணும், வெளியே போற வழியில் பைக்கை நிறுத்தி அடைச்சிருக்கக்கூடாது.

* டாக்டரோ, பயிற்சி பெற்ற முதலுதவியாளரோ இருக்காரா? அவர் 'போதும்' என்றால் ஆட்டம் நிற்குமா? பரிசு கொடுக்க மேடையில் உட்காரும் டாக்டர் கணக்கில் வரமாட்டார்.

* தரை எப்படி? மேட்டா, நல்லா பதம் பண்ணின மண்ணா? பக்கத்திலேயே சிமென்ட் விளிம்பு, கல், இரும்புக் கம்பம் ஏதாவது இருக்கா?

* எடை, வயசு பார்த்து இறக்குறாங்களா? பதினாலு வயசுப் பையனை இருபத்தஞ்சு வயசு ஆளோட மோதவிடுறது வீரம் இல்லை.

* ஆடுறவர் போன வாரம் தலையில் அடிபட்டவரா? 'டீமுக்கு ஆள் குறையுது' என்று சொல்லி இறக்காதீங்க.

* போலீஸ் அனுமதி, வீரர்களுக்குக் காப்பீடு, வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் கமிட்டி கையில் எழுதி இருக்கா?

தலையில் அடிபட்டாச்சுன்னா அன்றைக்கு ஆட்டம் அவ்வளவுதான். அடுத்த 24 மணி நேரம் தனியா விடக்கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, குழறுற பேச்சு, எழுப்பினாலும் எழுந்திருக்காத தூக்கம், ஒரு கண்மணி பெருசு ஒண்ணு சின்னது, கை கால் பலவீனம், வலிப்பு... இதில் எது வந்தாலும் விடியும்னு காத்திருக்காம ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்க. வலி மாத்திரை போட்டுத் தூங்கவைக்கிறதும், குடிக்கவைக்கிறதும் கண்டிப்பா வேண்டாம்.

இதைக் கேட்டா, "பெரிய இவன் வந்துட்டான்" என்று கமிட்டி அண்ணன்கள் முறைப்பாங்கதான். ஒரு பேச்சுக்குச் சொல்லிப்பாருங்க: "அண்ணே, ஸ்பீக்கர் செட்டுக்கு, பேனருக்கு, லைவுக்கு எல்லாம் வசூல் பண்றோம்ல, ஆம்புலன்ஸுக்கும் ஒரு வரி சேர்த்துக்குவோம்ணே." நோட்டீஸ்ல ஸ்பான்சர் பெயர் போட ஆள் கிடைக்கிற ஊர்ல, 'ஆம்புலன்ஸ் உபயம்' என்று போடவும் ஆள் கிடைப்பார்.

பாக்ஸிங் மர்டர் மிஸ்டரி எபிசோட்களை விட்டுடணும்னு யாரும் சொல்லலை. ஜாலியா பாருங்க. வடுவூர்ல இருந்து ஒரு திகம்பர சாமியார் மறுபடி கிளம்பி, ஏதாவதொரு ஓடிடி தொடர்ல கபடிக் களத்துக்குள்ள வந்து துப்பறிஞ்சார்னா முதல் ஆளா பார்ப்போம். அவர் வந்தா, எதிர் டீம் பையனோட சட்டையைப் பிடிக்க மாட்டார் என்பது மட்டும் நிச்சயம். கமிட்டியோட வரவு-செலவு நோட்டை வாங்கி, அதில் எந்த வரி எழுதப்படவே இல்லைன்னு பார்ப்பார்.

மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல அந்த அப்பா, சண்டை முடிஞ்சபிறகுதான் கிளவுஸைத் தொட்டுப் பார்த்தார். நீங்க மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாடியே தொட்டுப் பார்த்துடுங்க.